ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, சரி. விசாவுக்குக் காட்ட வேண்டிய அந்த 12 லட்சம்?

கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் எம்.எஸ். என்றதும் ஜெர்மனி பக்கம் திரும்புவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, பெரும்பாலான மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. பழைய யூடியூப் வீடியோவை நம்பி மியூனிக்கை முதலிடத்தில் வைத்துவிடாதீர்கள்.

முதலில் கையிலிருந்து போகும் சில்லறைச் செலவுகள். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ்ஸுக்கு 18,000 ரூபாய். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பங்களை வாங்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்து படிப்புகளுக்குப் போட்டால் 195 யூரோ. அதனால் தேறாத இடத்துக்குப் போட்டுக் காசை விடாதீர்கள். மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் கணக்கு எளிது: அதிகபட்சத்திலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழியுங்கள்; அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி எல்லை 5 என்றால் 7.5 சிஜிபிஏ 2.5 ஆகும். நிறைய படிப்புகள் 2.5-க்கு மேல் போனால் சேர்ப்பதில்லை. ஜெர்மனியில் எண் குறையக் குறையத்தான் மதிப்பு.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை இனிஷியல். மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக. இது ஏபிஎஸ்ஸில் தொடங்கி வங்கி வரை கேள்வியாகும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பெரிய தடை பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணமாக 11,904 யூரோவை முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே 11 லட்சத்து 90 ஆயிரம். பணம் உங்களுடையதுதான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். ஆனால் அட்மிஷன் கடிதம் ஜூன், ஜூலையில் வரும், வகுப்பு அக்டோபரில் தொடங்கும். இடையில் விசாவும் வாங்கியாக வேண்டும். கடிதம் வந்தபிறகு வங்கிப் படியேறினால் நேரம் போதாது.

பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் அரசு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். கிராமத்து வீடுகளில் கதை முடிவது இங்கேதான். நிலம் இரண்டு ஏக்கர் இருக்கும், ஆனால் கடன் நின்றுபோனால் விவசாய நிலத்தை சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கி எடுக்க முடியாது என்பதால் பெரும்பாலும் அதைத் தொடவே மாட்டார்கள். வீடோ மனையோ வேண்டும். அது தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாற்றம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அத்தையோ சித்தப்பாவோ கையெழுத்துப் போட மறுத்தால் அதோடு நின்றுவிடும். மனை என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். வங்கி வக்கீல் தாய்ப்பத்திரமும் 30 வருட வில்லங்கச் சான்றும் கேட்பார். இதற்கெல்லாம் அட்மிஷன் தேவையில்லை. முந்தைய டிசம்பரிலேயே தொடங்கிவிடலாம்.

இன்னொன்று மார்ஜின். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் கையிலிருந்து போட வேண்டும் என்பது வழக்கமான விதி. 12 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். ஃபீஸே இல்லாத படிப்புக்கு எதற்குக் கடன் என்று கேட்கும் மேனேஜரும் உண்டு. பிளாக்டு அக்கவுண்ட் பற்றிய ஜெர்மன் தூதரக அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு போங்கள். மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டம் உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வித்யாலட்சுமி கடன் போர்ட்டல் வேறு.

கடன் 15 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைப்போம். படிப்பு 2 ஆண்டு, பிறகு 1 ஆண்டு அவகாசம். முழுத்தொகையும் முதலிலேயே வாங்கினால் தனிவட்டியே 4.5 லட்சம் சேரும். 19.5 லட்சத்தை 10 ஆண்டில் கட்ட மாதம் ஏறத்தாழ 25,800. படிக்கும்போதும் அந்த அவகாச ஆண்டிலும் வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் (மாதம் 12,500) இது 19,800 ஆகக் குறையும்.

கடனுக்கு முன் உதவித்தொகையைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள் உள்ளிட்டோருக்கு மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். இரண்டு வருட வேலை அனுபவம் இருந்தால் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) உதவித்தொகை தரும் எபோஸ் (EPOS) படிப்புகளையும் பாருங்கள். டாட் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியலே இலவசமாக இருக்கிறது. ஏஜென்ட் சிபாரிசு செய்யும் கட்டணப் பல்கலைக்கழகம் அவருக்கு எதற்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இறங்கியதும் அந்த 992 யூரோ கைக்கு வந்துவிடாது. முகவரியைப் பதிந்து, அங்கே வங்கிக்கணக்கு திறந்தபிறகுதான் வரும். அறைக்கு முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் 1,500 யூரோவாவது தனியாக இருக்கட்டும். மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்கே 140 யூரோவுக்கு மேல் போகும். மியூனிக்கில் மிச்சப் பணம் வாடகைக்கே சரியாகும், வாடகை குறைந்த கெம்னிட்ஸிலோ இல்மெனாவிலோ மூச்சுவிடலாம். வருடத்துக்கு 140 முழுநாள் வேலை செய்ய அனுமதி உண்டுதான். ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாதவருக்கு முதல் செமஸ்டரில் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கு வேலையும் டெலிவரியும். அந்த வருமானத்தைக் கடன் கணக்கில் சேர்க்காதீர்கள்.