வலிமை குறைந்த பிரிக்கை நான் பரிந்துரைத்த கதை

உருகிய எஃகை ஏந்தும் பெரிய வாளிதான் லேடில்; அதன் உள்சுவரில், எஃகின் மேல் மிதக்கும் கசடு (ஸ்லாக்) படும் வளையம் ஸ்லாக் லைன். அந்த இடத்துக்கு அதுவரை போட்டுக்கொண்டிருந்த மக்னீசியா கார்பன் பிரிக்கில் அலுமினியத் தூள் கூடுதல், அதனால் சூட்டில் வளைத்து உடைத்து அளக்கும் வலிமையும் கூடுதல். புதிதாக வந்ததில் கிராஃபைட் கிட்டத்தட்ட அதே அளவு, அலுமினியம் குறைவு, வலிமையும் குறைவு. நான் புதியதைத்தான் பரிந்துரைத்தேன். மேற்பார்வையாளர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கம்மியா இருக்கிறதுதான் நல்லதுன்னா, அப்புறம் எதுக்கு சார் அதை அளக்கிறீங்க?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றும் தெரியவில்லை.

லாட்டுக்கு லாட் தரம் மாறுகிறதா என்று பார்க்க, ஏற்றி இறக்கும்போது உடையாமலிருக்க என்று ஏதோ சொன்னேன். சரியான பதில்தான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. சொல்லியிருக்க வேண்டியது வேறு. மூடியில்லாமல் காத்துக் கிடந்து ஆறிப்போன லேடிலில் 1600 டிகிரி எஃகு விழுகிறது; பிரிக்கின் முகம் விரியப் பார்க்கிறது, பின்பக்கம் விடுவதில்லை. ஒரு மீட்டர் மக்னீசியாவை 1000 டிகிரி சூடாக்கினால் 13 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். கிராஃபைட் வெப்பத்தைச் சட்டென்று உள்ளே கடத்திவிடுகிறது, அதன் தகடுகள் வழுக்கி இழுவிசைக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன. அலுமினியமோ 660 டிகிரியில் உருகி, பிறகு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுகிறது. வலிமை ஏறும்போது விறைப்பும் சேர்ந்தே ஏறுகிறது.

பீங்கான் பொருட்கள் வெப்பத்தில் விரிசல் விடுவதை ஆராய்ந்த ஹாசல்மன் 1969-லேயே இந்த முரணைக் கணக்காக எழுதிவிட்டார்: விரிசல் தொடங்காமலிருக்க வலிமை வேண்டும், ஆனால் தொடங்கிய பிறகு, அதுவரை தேங்கிய மீள் ஆற்றல் மொத்தமும் விரிசலைத்தான் தள்ளும். பிரிக்கில் நுண்விரிசல்கள் பிறவியிலேயே உண்டு. அதனால் தொடங்குவதைவிட ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஸ்லாக் லைன் இப்படித் திடீர்ச் சூட்டால் வரும் வெப்ப அதிர்ச்சியால் மட்டும் சாவதில்லை. இடித்தெடுத்த துண்டுகளைப் பார்த்தேன். பழையவற்றில் சூடான முகத்துக்கு இணையாக உள்ளே ஒரு விரிசல் ஓடும், தகடாகப் பெயர்ந்துவிடும். புதியதில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. பதிலுக்கு முகத்தில் வெளிறிய ஓர் அடுக்கு, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. கிராஃபைட் எரிந்துபோன இடம் அது. கார்பன் இல்லையென்றால் ஸ்லாக் நுழையத் தடையில்லை. கார்பனுக்கு முன்னால் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளத்தான் அலுமினியத்தையே போடுகிறார்கள், அதைத்தான் நான் குறைக்கச் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அதே சமயத்தில் அந்த மேற்பார்வையாளர் சண்டை போட்டு லேடில்களுக்கு மூடி வாங்கினார், முன்சூடேற்றும் நேரத்தையும் கூட்டினார். அப்படியானால் பெயர்வது குறைந்தது என் பிரிக்காலா, அவர் மூடியாலா? மூடி இருந்திருந்தால் பழைய பிரிக்கே தாக்குப்பிடித்து, அரிப்பும் குறைந்திருக்குமோ என்னவோ. எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. முழுக்கத் தகுதியில்லாத பாராட்டு என்றும் சொல்ல முடியாதே.

ஒரு லேடிலில் பாதிச் சுற்றுக்குப் பழைய பிரிக்கை வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தேய்மானம் ஏறுமாறானால் நன்றாக இருக்கும் பாதியையும் சேர்த்துத்தான் இடிக்க வேண்டிவரும் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.