அழிந்த கணக்கைத் திருப்பித் தந்த டாஸ் 3.3

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் மளிகைக் கடையின் கடன் கணக்கை அப்பா 555 என்ற சிறு குறிப்பேடுகளில்தான் எழுதுவார். இம்பி பிளாசா கடைத்தொகுதியில் பழைய ஆப்பிள் டூ பிளஸ் கணினி ஒன்றை வாங்கி வந்த பிறகு, இரவுகளில் உட்கார்ந்து, பெயரும் தொகையுமாக அவற்றை ஆப்பிள்சாஃப்ட் பேசிக் என்ற நிரல்மொழியில் தாமே தட்டச்சு செய்து, ஒரு டிஸ்கெட்டில் (நெகிழ்வட்டில்) கோப்பாகச் சேமித்தார். 1986-இல், விளையாட்டு ஒன்றுக்கு இடம் வேண்டி அந்தக் கோப்பை நான் அழித்தேன். அப்பா திட்டவில்லை, 555 புத்தகத்துக்கே திரும்பிவிட்டார். எனக்கும் அதன்பின் அந்த டிஸ்கெட்டில் விளையாட்டை ஏற்ற மனம் வரவில்லை.

அவர் காலமான பின் கட்டிவைத்த பெட்டி ஒன்றில் அந்த டிஸ்கெட் சென்ற மாதம் கிடைத்தது. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் காந்தத் தட்டு முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. உறையின் திறப்பு வழியே தட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். உறையின் விளிம்பில் உள்ள சதுர வெட்டை ஸ்டிக்கரால் மூடினேன். மூடிவிட்டால் டிரைவ் அதில் எதையும் எழுதாது.

கணினியை முடுக்கியதும் பழைய கடகடச் சத்தம் கேட்டது. டிஸ்கெட்டைப் படிக்கும் தலை எந்தத் தடத்தில் (வட்டப் பாதையில்) நிற்கிறது என்று அறியும் உணரி, ஆப்பிளின் டிஸ்க் டூ டிரைவில் இல்லாததால், முதலில் அதைத் தடுப்பில் முட்டும்வரை பின்னுக்கு இழுத்துவிட்டு, அங்கிருந்துதான் தடங்களை எண்ணத் தொடங்குகிறது.

1980-இல் வந்த டாஸ் 3.3 என்ற ஆப்பிளின் இயங்குதளம், டிஸ்கெட்டை 35 தடங்களாகவும், ஒவ்வொரு தடத்தையும் 256 பைட் அளவுள்ள 16 செக்டர்களாகவும் (துண்டுகளாகவும்) பிரிக்கிறது. மொத்தம் 140 கிலோபைட். கோப்புப் பட்டியல் நடுவே, 17-ஆம் தடத்தில் இருக்கிறது. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால், அது உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. பட்டியலில் அந்தக் கோப்புக்குரிய முதல் பைட்டில் உள்ள, கோப்பைத் தேட வேண்டிய தட எண்ணை, 30 எழுத்துப் பெயரின் கடைசி இடத்துக்கு மாற்றிவைத்து, முதல் பைட்டில் 255 என எழுதிவிட்டு, அதன் செக்டர்களைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. வேறொரு கோப்பு வந்து அந்த இடத்தைப் பிடிக்காதவரை எல்லாம் அப்படியே கிடக்கும். இத்தனை பணிவான அழிப்பை வேறு எந்த இயங்குதளத்திலும் நான் கண்டதில்லை.

560 செக்டர்களையும் பிழையின்றிப் படிக்க முடிந்ததால், புது டிஸ்கெட்டில் முழுப் படியெடுத்து, அந்தப் படியை, பைட்டுகளை நேரடியாக மாற்ற உதவும் செக்டர் எடிட்டரில் திறந்தேன். பெயரின் கடைசி இடத்தில் தட எண் 18 பத்திரமாக இருந்தது. அதை முதல் பைட்டில் வைத்து, பெயரின் கடைசியில் இடைவெளியை இட்டேன். இரண்டே பைட்டுகள். காலி என்ற குறிப்பு இன்னும் மாறாததால், அந்தப் படியில் எதையும் சேமிக்காமல், கோப்பை நினைவகத்தில் ஏற்றி உடனே இன்னொரு டிஸ்கெட்டில் சேமித்தேன்.

பிறகு கோப்பின் வரிகளைத் திரையில் பட்டியலிட்டேன். பால்காரர் 14.60, தையல்கடை 8.20 என்று, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அப்பா எழுதிய தமிழ்ப் பெயர்கள் திரையில் ஏறின. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, யார் கொடுத்து முடித்தார்கள், யார் கிள்ளானுக்கு வீடு மாறிப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.