கூண்டு எனக்கு பிடிச்சுது, பஞ்சுவுக்கு பிடிக்கல

முயல் வாங்குன அன்னிக்கே கூண்டும் வாங்கியாச்சு. அடியில கம்பி வலை, அதுக்கு கீழ இழுக்குற மாதிரி ஒரு ட்ரே, புழுக்கை எல்லாம் தானா கீழ விழுந்துடும், கூட்டுற வேலையே இல்லன்னு கடையில சொன்னதும் நான் அப்படியே மயங்கிட்டேன். இப்ப யோசிச்சா அந்தக் கூண்டு முயலுக்காக செஞ்சதே இல்ல, கூட்ட சோம்பேறித்தனப்படுற என்னை மாதிரி ஆளுக்காக செஞ்சது.

மூணு வாரம் இருக்கும். பஞ்சு வழக்கம் போல தாவாம கால மாத்தி மாத்தி வச்சு நிக்கிறான். தூக்கி பின்னங்கால பாத்தா குதிகால்ல முடி கொட்டி, பட்டன் சைஸுக்கு சிவப்பா தோல் தெரியுது. நாய் பூனைக்கு இருக்குற மாதிரி முயலுக்கு பாதத்துல மெத்தை கிடையாதாம், வெறும் முடி மட்டும்தான், அது கம்பியில தேஞ்சுட்டா அடுத்து புண்ணுதான்னு டாக்டர் சொன்னாங்க. நல்லவேளை அது புண்ணாகுறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்.

அன்னிக்கே அந்தக் கூண்ட ஓரங்கட்டிட்டு, நாய்க்குட்டிக்கு வைக்கிற மடக்கு வேலி பேனல் வாங்கி ஹால் மூலையில வட்டமா நிறுத்துனேன். மொதல்ல வாங்குனது ரெண்டடி உயரம், ஒரே நாள்ல தாண்டிட்டான் (தாண்டிட்டு திரும்பி என்ன ஒரு பார்வை பாத்தான் பாருங்க). அப்புறம் மூணடிக்கு மாறுனோம். பிரிட்டன்ல ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கு, அவங்க ஒரு ஜோடி முயலுக்கு குறைஞ்சது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேணும்னு சொல்றாங்க. அத படிச்சப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா நான் வாங்குன கூண்டுல அவன் காத நிமித்தி பின்னங்கால்ல எந்திரிச்சு நிக்கக்கூட முடியாது. எங்க ஹால்ல அவ்வளவு இடம் இல்ல, அதனால வேலி கதவ முக்காவாசி நேரம் தெறந்தே விட்டுடுறோம், ராத்திரிக்கு மட்டும் மூடுறது.

தரையில பழைய பருத்தி விரிப்பு போட்டேன். டைல்ஸ்ல கால் வழுக்குது, அதுக்கு பயந்தே ஓடாம உக்காந்திருந்தான்.

லிட்டர் பாக்ஸ், அதாவது முயல் கக்கூஸ் போறதுக்கு வைக்கிற ட்ரே, அந்தக் கதைதான் பெரிய கதை. நான் அழகா இந்தப் பக்க மூலையில ட்ரே வச்சா அவன் அந்தப் பக்க மூலையில போவான், நான் தொடச்சுட்டு திரும்ப இங்க கொண்டு வந்து விடுவேன், அவன் திரும்ப அங்க. ஒரு வாரம் இந்த மல்லுக்கட்டு. கடைசியில ட்ரேய தூக்கி அவன் மூலையிலயே வச்சேன், பிரச்சனை அன்னிக்கே முடிஞ்சுது. இன்னொண்ணு, முயல் மென்னுக்கிட்டே புழுக்கை போடுற பிராணி, அதனால காஞ்ச புல்ல ட்ரேக்கு மேலயே, வாய் எட்டுற உயரத்துல மாட்டிட்டா அங்கயே உக்காந்து ரெண்டு வேலையும் பாத்துக்கும். அந்தப் புல்லு எப்பவும் தீராம இருக்கணும், சாப்பாட்டுல பெரும்பகுதி அதுதான், பல்லு வேற வளந்துக்கிட்டே இருக்கும், தேயணும்ல. ட்ரேக்குள்ள பேப்பர்ல செஞ்ச பெல்லட் (ஈரத்த உறிஞ்சுற குட்டிக் குட்டி உருண்டை) போடுறேன். பூனைக்கு போடுற, ஈரம் பட்டா கட்டியாகுற மண்ண மட்டும் போட்டுடாதீங்க, அத தின்னா வயித்துக்குள்ள அடைச்சுக்கும், முயலால வாந்தியும் எடுக்க முடியாது.

தண்ணிக்கு கனமான பீங்கான் கிண்ணம். பிளாஸ்டிக் கிண்ணத்த பல்லுல கவ்வி தூக்கி வீசிட்டான், அதுவும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு. முயலுக்கு விடியலும் அந்தியும்தான் உற்சாக நேரம், அதனால பெட்ரூம்ல கூண்டு வைக்கிற ஐடியா இருந்தா மறந்துடுங்க.

வயர் எதுவும் எட்டக்கூடாது. என்னோட ரெண்டு சார்ஜர் போச்சு, நறுக்குன்னு கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி. வெயில் நேரா விழுற ஜன்னலோரமும் வேண்டாம், அதுங்களுக்கு வேர்க்காது, சூட்ட காது வழியாதான் வெளிய விடுதுங்க, கொஞ்சம் அதிகமானாலே சுருண்டுடும்.

மறைஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, ரெண்டு பக்கமும் வாசல் வெட்டுனது. ஒரே வாசல் வச்சப்ப உள்ளயே போகல, இன்னொரு ஓட்டை போட்டதும் அடுத்த நிமிஷம் உள்ள. இப்ப மூணாவதா ஒரு வாசல அவனே கடிச்சு கடிச்சு போட்டுக்கிட்டு இருக்கான், பாதி முடிஞ்சுது.