அந்த வெறும் 0

கோடிங் போட்டிகளுக்கு மூன்று வருஷமாகப் பைத்தான் என்ற கணினி மொழியில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போன மார்கழியில் காலேஜ் லீவுக்குக் கோத்தகிரி வந்தபோது சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாறினேன். மாறினேன் என்பதைவிடத் திரும்பினேன் என்பதே சரி. நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். இரண்டாவது வந்ததும் முதலாவதை மறந்தவர்களில் நானும் ஒருத்தி. பரணில் தேடியபோது பிளஸ் ஒன் புத்தகம் ஓரமெல்லாம் ஈரத்தில் பூத்துப்போய்க் கிடைத்தது.

"பைத்தான் மெதுவு, அதனால் மாறு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பைத்தானை வேகமாக ஓட்டும் பைபையில் ஓட்டினால், போட்டிகள் நடக்கும் கோட்ஃபோர்சஸ் தளத்தில் முதல் மூன்று கணக்குகள் பெரும்பாலும் தாங்கும். என்னை மாற வைத்தது வேறு. எண்களை வரிசை கலையாமல் வைத்துக்கொண்டு, நடுவில் நுழைக்கவும் நீக்கவும் வேகமான ஒரு அமைப்பு பைத்தானோடு கூடவே வருவதில்லை. அதற்காக யாரோ எழுதிய நீளமான புரோகிராமை ஒவ்வொரு முறையும் ஒட்டி ஓட்டுவேன். நான்காவது கணக்கில் டைம் லிமிட் தாண்டிவிடும். சி பிளஸ் பிளஸில் மல்டிசெட் என்று ஒரு வரி போதும்.

அந்தப் போட்டிகள் பெரும்பாலும் நம் நேரம் இரவு 8:05-க்கு. டானிங்டன் பக்கம் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் ஓரம் மட்டும். போனை அங்கே வைத்து, ஸ்வெட்டருக்கு மேல் அம்மாவின் சால்வையையும் போர்த்திக்கொண்டு உட்காருவேன்.

மாறிய பிறகு எழுதிய இரண்டாவது போட்டியை மறக்க முடியாது. 2 லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் 100 கோடி வரை. அவற்றின் கூட்டல் வேண்டும். சி பிளஸ் பிளஸில் சாதாரண முழு எண் வகையான இன்ட் தாங்குவது 2147483647 வரைதான், அதாவது 214 கோடிச் சொச்சம். மூன்று 100 கோடியைக் கூட்டினாலே வழிந்துவிடும். பைத்தானில் இந்தக் கவலையே கிடையாது, எண் எவ்வளவு வளர்ந்தாலும் அது இடம் கொடுக்கும். இதெல்லாம் தெரிந்துதான் விடைக்கு இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் லாங் வகையைப் போட்டிருந்தேன். எண்களையும் லாங் லாங்கிலேயே வைத்திருந்தேன். ஆனாலும் மூன்றாவது டெஸ்ட்டில் தவறான விடை. நாற்பது நிமிஷம் தேடினேன். விரல் விறைத்துப்போய் செமிகோலன்கூட ஒழுங்காக விழவில்லை. கடைசியில் பார்த்தால், எண்களைக் கூட்டித் தரும் அக்யூமுலேட்டுக்குத் தொடக்க மதிப்பாக நான் கொடுத்தது வெறும் 0. அது இன்ட். அதனால் கூட்டல் முழுக்க இன்ட்டிலேயே நடந்து, கெட்டுப்போன பிறகுதான் லாங் லாங்குக்குள் வந்து விழுந்திருக்கிறது. எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த மாதிரிப் பொறிகள் இன்னும் இருக்கின்றன. மல்டிசெட்டில் மதிப்பைச் சொல்லி நீக்கினால், அதே மதிப்புள்ள எல்லாமே போய்விடும். ஒன்று மட்டும் போக வேண்டுமென்றால் ஃபைண்ட் போட்டு எடுத்து நீக்கணும். மைனஸ் 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி பைத்தானில் 2, இங்கே மைனஸ் 1.

ரேட்டிங் 1420-லிருந்து 1290-க்கு இறங்கியது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் அப்பா, "கவாத்து வெட்டுன செடிகிட்ட உடனே இலை கேக்கலாமா பாப்பா? மூணு மாசம் பொறு" என்றார். எங்களுடையது ஒன்றரை ஏக்கர் தேயிலை. அவருக்கு அந்தக் காத்திருப்பு பழக்கம்.

அதன் பிறகு புதுக் கணக்குகளைத் தொடவே இல்லை. பைத்தானில் ஏற்கெனவே போட்டு முடித்த அறுபது கணக்குகளை மறுபடி சி பிளஸ் பிளஸில் எழுதினேன். வழி எனக்குத் தெரிந்ததுதான் என்பதால், தப்பு வந்தால் அது மொழியில் வந்த தப்பு என்று உடனே தெரிந்தது. மாற நினைப்பவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றைத்தான். புது மொழியையும் புது அல்காரிதத்தையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

இப்போது தம்பி பிளஸ் ஒன். அவன் ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் 2147483647 என்று பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் போன் நம்பர் என்று அம்மா கேட்டார்.