நான்காவது தாளில் உட்கார்ந்த முக்காடு

நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த பறவை ஒருவழியாக வந்துவிட்டது. முதல் மூன்று தாள்களும் பரணில் கிடக்கின்றன. அதில் ஒன்றுக்கு நெற்றித் தோலே உரிந்துவிட்டது.

வரைவது கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டே மேகக் காடுகளில் வாழும் வானீல முக்காட்டு ஜே. காக்கைக் குடும்பம்தான், அலகு முதல் வால்நுனி வரை 30 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கால் தாளில் சாய்வாக உண்மை அளவிலேயே வைக்க முடிகிறது. உடல் கருநீலம், முகமும் தொண்டையும் கறுப்பு. உச்சந்தலையிலிருந்து பிடரி வரை மட்டும் வெளிர்நீலத்தில் ஒரு முக்காடு. அதன் லத்தீன் பெயரில் வரும் ‘குகுல்லாட்டா’வுக்கும் அதுவே பொருள். நெற்றியின் கறுப்பு முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில் நூல் கனத்தில் ஒரு வெண்கோடு ஓடுகிறது. என் ஒரு மாத உயிரை எடுத்தது அந்தக் கோடுதான்.

முதலில், கோட்டின்மேல் வண்ணம் ஏறாமல் மறைத்துவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் திரவம் பூசினேன். பொறுமையில்லாமல் ஹேர் டிரையரைக் காட்டினேன். சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது நாரையும் கொண்டுபோனது. இரண்டாவதில் தானாகக் காயவிட்டேன். கோடு தப்பியது, ஆனால் கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு. இறகாகத் தெரியவில்லை, ஒட்டுப்போட்டதாகத் தெரிந்தது. மூன்றாவதில் தாலோ நீலம் கறைபோல் ஏறிக்கொண்டு, எவ்வளவு ஒற்றியும் இறங்கவில்லை.

இம்முறை திரவமே இல்லை. செருலியன் நீலத்தை நீர்க்கப் பூசி, முழுக்கக் காய்ந்தபின், அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்த கறுப்பை அலகுப் பக்கமிருந்து கொண்டுவந்து, மயிரிழை இடம் விட்டு நிறுத்தினேன். இரண்டு இடத்தில் கை நடுங்கி, கறுப்பு உள்ளே புகுந்தது. அந்த நடுக்கம்தான் கோட்டை இறகாக்கியது! பிடரியில் துளி வெள்ளை குவாஷும், அதாவது ஒளி ஊடுருவாத வண்ணமும், சேர்த்திருக்கிறேன். சுத்த நீர்வண்ணக்காரர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

நீலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏழு புகைப்படங்களைப் பார்த்து வரைகிறேன். ஏழிலும் ஏழு நீலம். கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு அதன்மேல் இல்லை. ஜேக்களின் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. அந்த இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். அதனால் வெளிச்சம் மாறினால் நிறமும் மாறத்தான் செய்யும். ஏழில் மூட்டமான ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். கரீபியன் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறி மேகமாகிற இடத்தில் சுள்ளென்ற வெயில் எதற்கு? முதுகில் போட்டிருந்த பளபளப்பை எல்லாம் இரண்டாவது தாளோடு தலைமுழுகிவிட்டேன்.

தாள் விஷயம்: சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடை, முழுப் பருத்தி என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். ஈரம் பட்டதும் அப்பளமாக வளைந்தது. இனி ஒரு தாள் வாங்கி, ஓரத்தைக் கிழித்துப் பார்க்காமல் கட்டாக வாங்குவதில்லை.

அடுத்தது மெக்சிகோவின் ஓஹாகா மலைக்காடுகளில் இருக்கும் குட்டை ஜே. இன்னும் சிறியது, வெளிறிய தொண்டை, முகத்தில் கறுப்புப் பட்டை. பென்சில் கோடுகூடப் போட்டுவிட்டேன். இந்த முக்காட்டு ஜேவுக்கோ கால்கள் இன்னும் வரையவில்லை. கிளையில் பாசி ஏற்ற வேண்டும், ஒரு புரோமீலியாடும் பாதியில் நிற்கிறது. அது இலைக்குள் தண்ணீர் தேக்கி வைக்கும் செடி. அந்தத் தண்ணீரில் முக்காட்டு நீலத்தைக் கொஞ்சம் தொட்டுவைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.