மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கினேன்

மரணக் கிணற்றில், அதாவது பலகையால் வட்டமாகக் கட்டிய செங்குத்துச் சுவரில், பைக் ஓட்டுவது என் பிழைப்பு. பொருட்காட்சி, கோயில் திருவிழா என்று 11 வருஷமாக ஊர் ஊராகப் போகிறேன். ஆடி மாதம் ஒரு திருவிழாவில் சாயங்காலம் லேசான தூறல். மேலே கட்டிய தார்ப்பாய் ஒழுகி ஒரு பலகை நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. செங்குத்துச் சுவரில் வண்டியைத் தாங்குவது வேகமும் டயரின் பிடிமானமும்தான். ஈரத்தில் பிடிமானம் போயிற்று. 15 அடியிலிருந்து நான் கீழே, என் ஆர்எக்ஸ் 100 என் இடது காலின் மேலே.

அம்மா புத்தூர்க் கட்டு போடலாம் என்றார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்ததால் ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். இன்சூரன்ஸா? எங்கள் தொழிலைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

எலும்பு கூடிவிட்டது, தொடைதான் சூம்பிப்போயிருந்தது. பிசியோதெரபி கொடுத்த பையன் போனில் ஈவல் கனீவல் வீடியோ ஒன்றைக் காட்டினான். 1975 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் பைக்கில் 13 பஸ்களைத் தாண்டப்போய், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அமெரிக்கர். இனிமேல் தாண்டமாட்டேன் என்று அங்கேயே மைக்கில் சொன்னவர், அக்டோபரில் ஒஹாயோவில் 14 பஸ்களைத் தாண்டினார். சரிதான், நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம் கிணற்றுக்குத் திரும்பினேன். கால் வலிக்கும் என்று பயந்து போனால், வந்தது தலைசுற்றல். புதிதாகப் பழக வரும் பையன்களுக்கு வருமே, அதே தலைசுற்றல்! உடம்பு நிலை தடுமாறாமல் பார்த்துக்கொள்வது உள்காதுதான். இத்தனை மாதம் சுற்றாததில் அது பழக்கத்தை மறந்துவிட்டது. “முதல்லேர்ந்து வாடா” என்று மாஸ்டர் சைக்கிளைக் கையில் கொடுத்தார். அடியில் சாய்வாக இருக்கும் பலகையில் மட்டும், காலையில் வெறும் வயிற்றோடு, ஒரு வாரம். பார்வை எப்போதும் முன்னால் வரும் பலகையில் இருக்க வேண்டும். கிணற்றின் நடுவே பார்த்தால் வாந்திதான். இரண்டு தடவை எடுத்தேன், வெட்கமாக இருந்தது.

அப்புறம் பைக்கில் சாய்வு, அப்புறம் சுவரில் இரண்டடி. அதற்கு மேல் ஏறவில்லை. வழுக்கிய இடத்தில் புதுப் பலகை அடித்திருந்தார்கள், அது மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வந்ததும் கை தானாக ஆக்ஸிலேட்டரைக் குறைத்தது. சுவரில் வேகம் குறைந்தால் விழ வேண்டியதுதான். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தோய்த்து, பலகையின் பின்பக்கத்திலிருந்து பூச ஆரம்பித்தார். “முன்பக்கம் பூசினா மறுபடியும் வழுக்குவ, பின்னால ஊறி நிறம் மாறட்டும்.” நிறம் மாறவே இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அதைத் தாண்டி மேலே போய்விட்டேன்.

இப்போது மாலைக் காட்சி ஓட்டுகிறேன். கையை விட்டு ஓட்டுவதை இன்னும் தொடங்கவில்லை. மேகம் கறுத்தால் தார்ப்பாய் மேல் முதலில் ஏறுவது நான்தான்.