பன்னீர்க் கூடத்துக்குத் தரை போட்ட அனுபவம்

பால் தொழிலில் தரையைத் தின்பது அமிலம். சிந்திய பால் புளித்தால் லாக்டிக் அமிலம். அது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அரித்து மணலையும் ஜல்லியையும் வெளியே கொண்டுவந்துவிடும். ஈரோடு பக்கம் தயிரும் பன்னீரும் செய்யும் எங்கள் சின்ன ஆலையில் கடப்பா கல் பதித்திருந்தது. கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கற்கள்தான், அதனால் அவையும் அமிலத்துக்குத் தப்பாது. கல்லின் மெருகு போனது, இணைப்புகளில் குழி விழுந்தது. குழியில் தங்கும் பாலில் கிருமி வளரும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தரையை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை.

விலைப்புள்ளி கேட்ட இடத்திலெல்லாம் முதலில் வந்த பதில் எபாக்ஸி என்ற பிசின் பூச்சு. பளபளப்பு, விலையும் கட்டுப்படி. நான் உடனே முடிவெடுக்கவில்லை. ஆலையின் வரைபடத்தை எடுத்து, எந்த இடத்தில் என்ன கொட்டுகிறது, எவ்வளவு சூட்டில் கொட்டுகிறது என்று குறித்தேன். இந்த வேலையைப் பொருள் தேடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பன்னீர்த் தொட்டியடியில் சிட்ரிக் அமிலம் கலந்த சூடான மோர்த்தண்ணீர். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்சரைசர் பக்கம், குழாய் கழுவும்போது 70 டிகிரிக்கு மேல் காஸ்டிக் சோடா கரைசல், அடுத்து நைட்ரிக் அமிலம், உடனே பச்சைத் தண்ணீர். பாக்கிங் அறையில் இது எதுவும் இல்லை, தள்ளுவண்டி உருளும், அவ்வளவுதான்.

சாதாரண எபாக்ஸி 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சூட்டில் அது கான்கிரீட்டைவிட அதிகமாக விரியும். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் மாறி மாறி விழுந்தால் ஒட்டு விட்டு உரிந்து வரும். பியூ கான்கிரீட் எனப்படும் பாலியூரித்தேன் சிமெண்ட் தரை ஏறக்குறைய கான்கிரீட் அளவுக்கே விரிந்து சுருங்கும். ஆகவே ஈரக் கூடத்துக்கு 9 மி.மீ. கனத்தில் பியூ, பாக்கிங் அறைக்கு எபாக்ஸி என்று பிரித்தோம். அமிலம் தாங்கும் டைல்ஸும் நல்ல தேர்வுதான். ஆனால் அதன் ஆயுள் இடைவெளியில் அடைக்கும் க்ரவுட்டில் இருக்கிறது, அதை ஒழுங்காக அடைக்கும் ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பொருளைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது வாட்டம். "வாட்டம் சரியில்லைன்னா எதைப் போட்டாலும் நிக்காதுங்க" என்றார் எங்கள் கொத்தனார். அது முழு உண்மை. மீட்டருக்கு 1 செ.மீ.க்குக் குறையாமல் வாட்டம் கேட்டேன். பழைய வடிகால் சுவரோரம் இருந்தது, கழிவுநீர் கூடம் முழுக்க ஓடித்தான் அங்கே சேரும். அதை மூடிவிட்டு, தொட்டிகளை ஒட்டியே துருப்பிடிக்காத எஃகு வடிகால் வைத்தோம். அடித்தளம் போட்டதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, குளம் கட்டிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுச் சரிசெய்த பிறகே மேல்பூச்சுக்காரர்களை உள்ளே விட்டோம். மேல்பூச்சில் வாட்டம் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 9 மி.மீ.யில் அது நடக்காது.

எண்ணெய்ப் பசையும், மேலே படிந்து காய்ந்த வலுவில்லாத சிமெண்ட் பாலும் போகும்வரை கான்கிரீட்டை மெஷினால் சுரண்டினார்கள். வடிகால் ஓரம், கதவு வாசல், சுவரோரம் எங்கும் பள்ளம் வெட்டி அதற்குள் பூச்சை இறக்கினார்கள். இந்தப் பிடிமானம் இல்லையென்றால் தரை ஓரத்திலிருந்துதான் கிளம்பும். சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாக ஏற்றியதில் கழுவுகிற பெண்களுக்குப் பாதி வேலை மிச்சம். வழுக்காமல் இருக்க எவ்வளவு சொரசொரப்பு என்பதை அவர்களையே மாதிரிப் பலகைகளில் ஈரக் காலுடன் நடக்க வைத்து, பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லி முடிவு செய்தோம். அதிகச் சொரசொரப்பு காலுக்கு நல்லது, ஆனால் பால் கொழுப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். நடுத்தரமானதையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜன்னலோரம் வெயில் பட்டு நிறம் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அதனால் உறுதிக்குக் குறைவில்லை. விரிவு இணைப்புகளில் அடைத்த சீலண்டைத்தான் அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. விட்டுப்போன இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கிறோம். அடுத்து நெய் காய்ச்சும் அறை. அங்கே அமிலத்தைவிடச் சூடும் வழுக்கலும்தான் பிரச்சினை என்பதால் வரைபடத்தில் மறுபடி முதலிலிருந்து குறித்துக்கொண்டிருக்கிறேன்.